மருமகள் குடிக்காத தண்ணீர்

கீரமங்கலம்,
18-5-1961

அன்பு மகன் செல்லமுத்துவுக்கு, அப்பா அழகுமலை ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கு அனைவரும் நலம் என்று தொடங்க இந்த முறை கை வரவில்லை. அதற்காகப் பதறிவிடாதே. மருமகள் செவந்தி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் குறை இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு மேலே படி.

போன வெள்ளிக்கிழமை கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். உன் ஆத்தா போட்ட கூச்சலில் நான் களத்திலிருந்து ஓடி வந்தேன். உடம்பு கொதித்தது. உதடு வெடித்திருந்தது. இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். ஏழாம் மாதத்தில் இப்படி ஒரு வலி எதற்கு வரும் என்று எனக்குத் தெரியாதா? வண்டி கட்ட நேரம் இல்லை. நல்லவேளை, நம் கொல்லைக்குப் பின்னால் புது ரோட்டில் அறந்தாங்கி பஸ் வந்தது. குறுக்கே போய் நின்று நிறுத்தினேன். ரோடு வேண்டும் என்று நான் மனு எழுதி அலைந்தபோது சிரித்தவர்கள் எல்லாம் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள்.

அறந்தாங்கியில் டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீர்த்தாரையில் புண்ணாம், காய்ச்சல் அதனால்தானாம். உடம்பில் நீர் வற்றிக் கிடக்கிறதாம். அப்படி வற்றினால் கர்ப்பப்பை இழுத்துப் பிடிக்குமாம். ஊசி போட்டு, குளுகோஸ் ஏற்றி வலியை நிறுத்தினார். இன்னொரு தடவை இப்படி ஆனால் பிள்ளை குறைமாதத்தில் வந்துவிடும், பிழைப்பது கஷ்டம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதோடு விட்டாரா? அத்தனை பேர் நிற்கும்போது என்னைக் கூப்பிட்டு, பிள்ளைத்தாய்ச்சிக்கு வீட்டில் தண்ணீர் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்.

என்னைக் கேட்கிறார். கத்திரி வெயிலிலும் வற்றாத கிணறு நம்முடையது. தெருவே வந்து இறைத்துக்கொண்டு போகிறது. செவந்தி மணமேல்குடிப் பக்கம் உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த பெண். நம் தண்ணீரை ருசித்துக் குடிப்பாள் என்றுதானே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உன் கடிதமும் அன்றே வந்து கிடந்தது. பிலாயில் உன்னோடு குவார்ட்டர்ஸில் இருந்தவரை கூஜா கூஜாவாகத் தண்ணீர் குடிப்பாள், ஊருக்கு வந்த பிறகு ஏன் இளைத்துப் போனாள் என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் குறை எங்கள் வீட்டில்தான் என்கிறாயா? தகரக் குழாய்த் தண்ணீர் இனித்தது, நம் கிணற்றுத் தண்ணீர் கசக்கிறதாக்கும். வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் வைத்துக் கட்டிய அந்தக் குவார்ட்டர்ஸைப் பற்றி நீ முன்னே எழுதியபோது உன் ஆத்தா மூக்கைப் பொத்திக்கொண்டாள். அடுப்படிக்குப் பக்கத்தில் அதுவுமா என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தோம். அங்கே நன்றாக இருந்தவள் இங்கே வாடுகிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பார்.

எப்படியோ, இனி நானே பார்த்துக்கொள்கிறேன். பெண்கள் கையில் விட்டால் சரிப்படாது. கொல்லைப் பக்கம் பஸ் போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் செவந்தி ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறேன். மத்தியானம் நீர்மோர், மாலையில் இளநீர். சொம்பை உன் ஆத்தா அவள் அறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள், நான் முற்றத்தில் உட்கார்ந்திருப்பேன். காலிச் சொம்பு திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்திருக்கிறேன்.

கடலை இந்த ஆண்டு சுமார்தான். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. ரோட்டுக்கு அந்தப் பக்கம், நம் கொல்லைக்கு எதிரே சிவசாமி டீக்கடை போட்டிருக்கிறான். காலையில் அங்கே போய்ப் பேப்பர் படிக்கிறேன். ஊர் முன்னேறிவிட்டது.

நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாமல் வேலையைப் பார். பெரியவன் நான் இருக்கிறேன்.

உன் நலம் நாடும்
அப்பா அழகுமலை

*

கீரமங்கலம்,
2-6-1961

அன்பு மகன் செல்லமுத்துவுக்கு, அப்பா ஆசீர்வாதம்.

செவந்திக்கு நாலு நாளைக்கு முன் மறுபடி வலி வந்தது. டாக்டரம்மா கொடுத்திருந்த மாத்திரையிலும் படுக்கையிலும் அடங்கிவிட்டது. பிள்ளை அசைகிறது என்று உன் ஆத்தா வயிற்றில் கை வைத்துப் பார்த்துச் சொன்னாள். இப்போது தூங்குகிறாள். ஆனால் இந்தக் கடிதத்தை நான் எழுதுவது வேறு ஒன்றுக்காக. தகப்பன் மகனுக்கு எழுதுகிற விஷயம் இல்லை இது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஊரில் செடி கொடி எல்லாம் கருகிக் கிடக்கிறது. செவந்தி அறைச் சன்னலுக்கு வெளியே இருக்கும் கனகாம்பரம் மட்டும் தளதளவென்று பூத்து நிற்கிறது. அதை நான் தினமும்தான் பார்த்தேன், புத்தியில் உறைக்கவில்லை. அந்த வலி வந்த நாளில் மத்தியான பஸ் போனது. கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு ஓடியதால் அதைப் பிடிக்க அந்தப் பக்கம் போனேன். சன்னல் கம்பிக்கு வெளியே ஒரு கை நீண்டது. சொம்பு கவிழ்ந்தது. நான் கொடுத்தனுப்பிய தண்ணீர் செடிக்குப் போயிற்று.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போய்விட்டது. இத்தனை நாளும் காலிச் சொம்பைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்த மடையன் நான்தான். பிறகு எனக்கு வந்தது கோபம். என்னை ஏமாற்றியதற்கு வந்த கோபம் என்று வைத்துக்கொள். பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாயா என்று முற்றத்துக்கு வந்து நின்று கத்தினேன். அன்றைக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் வலி வந்தது. நான் கத்தியதால் வந்ததா, தண்ணீர் குடிக்காததால் வந்ததா என்று டாக்டரம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வலி அடங்கியதும் உன் ஆத்தாவிடம் பாய்ந்தேன். நீ மருமகளைப் பார்த்துக்கொள்ளும் லட்சணம் இதுதானா, உனக்கும் தெரிந்துதான் நடந்ததா என்று கேட்டேன். கண்ணாத்தாள் என்னை எதிர்த்துப் பேசி நீ பார்த்திருக்கமாட்டாய். அன்றைக்குப் பேசினாள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்: “சொம்பு சொம்பாக் குடிக்கச் சொல்றீங்க. குடிச்சுப்புட்டு அவ எங்கிட்டு போவா? கெழக்க டீக்கடை, மேக்க களம், நடுவுல நீங்க.”

செல்லமுத்து, எனக்கு ஒரு நிமிடம் அவள் என்ன சொல்கிறாள் என்றே புரியவில்லை. புரிந்த பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

முன்பு கொல்லைக்குப் பின்னால் ஈச்சம்புதரும் தாழையும் அடர்ந்து கிடக்கும், உனக்கு நினைவிருக்கும். ரோட்டுக்காக அதையெல்லாம் வெட்டிவிட்டார்கள். இப்போது நம் வீட்டுப் பெண்கள் விடியுமுன் ஒரு தடவை ஒதுங்கப் போகிறார்கள், இருட்டிய பிறகு ஒரு தடவை போகிறார்கள். நடுவில் பகல் முழுக்க இல்லை. அதனால் பகலில் தண்ணீர் குடிப்பதும் இல்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு அடக்கி வைக்கவும் முடியாது. ஆகவே நாக்கை நனைப்பதோடு சரி. மருமகள் மட்டும் இல்லை, பக்கத்து வீட்டுப் பெண்களும் அப்படித்தானாம். எல்லாருக்கும் தெரியுமாம். தெரியாதவன் நான் ஒருத்தன்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், எனக்கு என் வீடே தெரியவில்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போல டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தேன். பேப்பரை விரித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். நேர் எதிரே நம் கொல்லை. வேலி மூங்கில் வரை துல்லியமாகத் தெரிகிறது. அந்தப் பெஞ்சில் தினமும் முதல் ஆளாக உட்காருகிறவன் உன் அப்பன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, சிவசாமியிடம் பெஞ்சைக் கிழக்குப் பார்க்கத் திருப்பிப் போடச் சொன்னேன். கிழக்கே பார்த்தால் வெயில் கண்ணைக் குத்துமே, எதுக்கு மாமா என்று கேட்டான். காலை வெயில் உடம்புக்கு நல்லது என்று சொல்லிவைத்தேன்.

வீட்டுக்கு வந்து உன் ஆத்தாவிடம், எல்லாம் இந்த ரோடு செய்த வேலை, நானே மனு எழுதி நானே கெடுத்துக்கொண்டேன் என்றேன். ஆறுதலாக ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, “ரோடு நேத்து வந்தது. அதுக்கு முந்தி மட்டும் பகல்ல போக முடிஞ்சுச்சா? ஒங்க அய்யா, அண்ணந்தம்பி எல்லாம் கொல்லையில வேலை பார்ப்பாக. நானும் குடிச்சதில்ல” என்றாள். சொல்லிவிட்டுக் குறுநொய்யைத் தனியாகத் தட்டினாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

உனக்கு முன்னால் எங்களுக்கு இரண்டு, உனக்குப் பின்னால் ஒன்று. உனக்குத் தெரியும். மூன்றும் மாதம் நிறையாமல் போனவை. மூன்றும் சித்திரை, வைகாசி வெயிலில்தான். காற்று கறுப்பு என்றார்கள், கண்ணேறு என்றார்கள், நானும் கோயில் கோயிலாகக் கிடா வெட்டினேன். நீ மார்கழியில் பிறந்தவன். டாக்டரம்மா இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானாகத்தான் முடிச்சுப் போட்டுப் பார்க்கிறேன். தப்பாகவும் இருக்கலாம். உன் ஆத்தாவிடம் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவளும் அந்தக் கணக்கை எப்போதோ போட்டு வைத்திருக்கிறாள் என்று தோன்றியது. நான் கேட்கவில்லை. எழுந்து களத்துக்குப் போய்விட்டேன்.

மறுநாளே கிணற்றுக்கு வடபுறம் ஆள் விட்டுக் குழி வெட்டினேன். நாலு பக்கமும் மூங்கில் நட்டு, தென்னங்கீற்றுப் படல் ஆள் உயரத்துக்குக் கட்டி, மேலேயும் மூடி, உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறேன். குதிருக்குப் பக்கத்திலா இந்த அசிங்கம் என்று என் தம்பி கேட்டான். உன் சோலியைப் பார் என்றேன். அறுப்பு முடிந்ததும் செங்கல்லிலேயே கட்டிவிடுவேன். உன் குவார்ட்டர்ஸில் அது எப்படி அமைந்திருக்கிறது, தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று ஒரு படம் போட்டு அனுப்பு. நான் இனிச் சிரிக்கமாட்டேன்.

ஆனால் படல் கட்டியாயிற்றே தவிர செவந்தி அங்கே போகவில்லை. உன் ஆத்தா ஜாடையாகச் சொல்லியும் பார்த்துவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். மாமனார் முன்னால் நின்று ஆள் வைத்துக் கட்டிய இடத்துக்கு, மாமனார் முற்றத்தில் இருக்கும்போது ஒரு பெண் எப்படிப் போவாள்? அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நான் பகலெல்லாம் இப்போது களத்துக் கொட்டகையிலேயே இருக்கிறேன், சாப்பாடும் அங்கே வந்துவிடுகிறது. இருந்தும் அவள் கூச்சம் போகவில்லை. கத்தினதற்காக அவளிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால் எதைத் தொட்டுப் பேச? மாமனார் மருமகளிடம் சொல்லக்கூடிய பேச்சு இல்லை இது.

அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். இந்தக் கடிதம் கண்டதும் அவளுக்குத் தனியாக ஒன்று எழுது. உறையின் மேல் அவள் பெயரையே போடு. வழக்கமாக எல்லாக் கடிதத்தையும் நான்தான் பிரிப்பேன், இதைப் பிரிக்கமாட்டேன். படல் அவளுக்காகத்தான் கட்டியது, மாமா களத்தில்தான் இருக்கிறார், எந்த நேரமும் போகலாம் வரலாம், யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள், பயப்படாமல் தண்ணீர் குடி என்று எழுது. உன் வாய் வார்த்தையாக இருந்தால் கேட்பாள். தந்தி அடிக்கலாம் என்று பார்த்தேன், தபாலாபீசில் எல்லாரும் படிப்பார்கள். தபாலில் வர நாளாகும், அதனால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதே. அவளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, வெயில் குறையக் காணோம்.

இன்னொன்று. அதே உறையில் உன் ஆத்தாவுக்கும் ஒரு துண்டு காகிதம் வை, செவந்தி படித்துக் காட்டுவாள். அவளும் பகலில் தண்ணீர் குடிக்கட்டும். நேற்று நானே ஒரு சொம்பு இறைத்துக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்தேன். என்ன இது புதுசா என்று கேட்டுவிட்டு மூடி வைத்துவிட்டாள். சாயங்காலம் பார்த்தேன், அப்படியே இருந்தது. நான் சொல்லும் காலம் போய்விட்டது, மகனே. நீ சொன்னால் குடிப்பாள்.

ஆண்டவன் உன்னையும் உன் குடும்பத்தையும் குளிர வைக்கட்டும்.

இப்படிக்கு
அப்பா அழகுமலை