அப்பன் முறை

திருச்சுழி,
12.8.2025

அன்பும் மரியாதையும் மிகுந்த மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகன் செல்வக்குமார் எழுதுவது. போனில் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள், தபால்காரரை பிளாக் செய்ய முடியாதே! கோபப்படாமல் படித்து முடியுங்கள், அப்புறம் கிழித்துப் போடுங்கள்.

வியட்நாம் மில் வேலையை விட்டு ஊருக்கு வந்து பதினெட்டு நாள் ஆகிறது. அந்த ஊர்ப் பெண் லானும் கூடவே வந்திருக்கிறாள். அவளைத்தான் கட்டப்போகிறேன் என்றதும் நீங்கள் வைத்த போன்தான். சுகப்பிரியாவை எனக்குத் தர மனதில் நினைத்திருந்தீர்கள் என்று தெரியும். அப்பா போன பிறகு என்னை ஐ.டி.ஐ.யில் சேர்த்து ஆளாக்கியதும் நீங்கள்தான். அதனால்தான் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. அவள் ஊரில் கட்டிக்கொண்டு, எனக்கு விசா வாங்கி அங்கேயே இருந்துவிடலாம். இல்லையென்றால் இங்கே பதிவு ஆபீசில் சிறப்புத் திருமணச் சட்டப்படி கட்டிவிட்டு, அவளுடைய டூரிஸ்ட் விசாவை மனைவி என்ற வகையில் மாற்றிக்கொள்ளலாம். "உங்க அம்மா தனியா இருக்காங்க, இங்கேயே இருப்போம்" என்று சொன்னதே அவள்தான், மாமா! எனக்கும் அருப்புக்கோட்டை மில்லில் பிட்டர் வேலை கிடைத்துவிட்டது.

அவள் இங்கே இருக்க அக்டோபர் 22 வரைதான் அனுமதி. கல்யாணம் ஆகாதவள் என்ற சான்று அவள் ஊரிலிருந்து வர வேண்டும். வந்ததும் நோட்டீஸ் கொடுத்து முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அம்மாவோ, "என் தம்பி வராத கல்யாணத்துக்கு நானும் வரமாட்டேன்" என்று ஒரே பிடியாக நிற்கிறாள். நீங்கள் வர வேண்டும், மாமா.

உங்கள்,
செல்வக்குமார்


எம்.ரெட்டியபட்டி,
17.8.2025

திரு. செல்வக்குமார் அவர்களுக்கு,

மாப்பிள்ளை என்று எழுதக் கை வரவில்லை. உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை, அடுப்பில் போட்டேன்.

ஊர் பேர் தெரியாத ஒருத்தி. "இவ யாரு வீட்டுப் பிள்ளை, உங்களுக்கு என்ன முறை?" என்று நாலு பேர் கேட்டால் உங்க ஆத்தா என்ன சொல்லுவா? என் அக்கா மகன் என்று இத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாய். அவள் என் வீட்டு வாசல்படியை மிதிக்கக் கூடாது. நீ நோட்டீஸ் கொடு. முப்பது நாளைக்குள் யாரும் ஆட்சேபணை சொல்லலாமாமே, எனக்கும் விசாரித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. அந்தக் கல்யாணம் எப்படி நடக்கிறது என்று பார்க்கிறேன்.

இங்கே மழை இல்லை. பருத்திக்கு உழுது போட்டிருக்கிறேன். அக்காவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
இ. வீரணன்


திருச்சுழி,
15.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சான்று வந்துவிட்டது! இன்று காலை நோட்டீஸ் கொடுத்துவிட்டோம். ஆபீஸ் பலகையில் எங்கள் இரண்டு பேர் பெயரும் போட்டோவும் பக்கத்துப் பக்கத்தில். லான் அதை நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அக்டோபர் 16 கல்யாணம். அன்றைக்கே விசா மாற்ற மனுப் போட வேண்டும். இரண்டு வருஷம் கழித்து, இங்கேயே நிலையாகத் தங்க ஓ.சி.ஐ. அட்டைக்குக் கேட்கலாமாம், அது வந்தால் அவள் இங்கே வேலைக்கும் போகலாம்.

அவள் பக்கத்திலிருந்து வர ஆளில்லை, மாமா. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா சந்தையில் மீன் விற்கிறவர், அவரால் வர முடியவில்லை. உங்கள் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தினமும் கேட்கிறாள். நான் சொல்லவில்லை.

அம்மாவுக்கு முட்டுவலி தேவலை. லான்தான் எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். ஆனாலும் உங்கள் பேரைச் சொல்லித் தினமும் அழுகிறாள். நீங்கள் ஆட்சேபணை கொடுத்தால் விசாரணையிலேயே 22-ஆம் தேதி தாண்டிவிடும். லான் போக வேண்டியதுதான். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், வேண்டாம்.

உங்கள்,
செல்வக்குமார்


எம்.ரெட்டியபட்டி,
8.10.2025

செல்வக்குமாருக்கு,

வீரணன் எழுதுவது. திங்கட்கிழமை ஆட்சேபணை மனுவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பதிவு ஆபீசுக்குப் போனேன். "என்ன காரணம்?" என்று அங்கிருந்த அம்மா கேட்டார். "அவன் என் மகளுக்கு முறை மாப்பிள்ளை" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பட்டியலை நீட்டினார். யார் யாரைக் கட்டக் கூடாது என்று இந்தச் சட்டத்தில் போட்டிருக்கிறது. அதில் தாய்மாமன் மகளும் இருக்கிறாள்! வழக்கம் இருந்தால் விதிவிலக்காம். எனக்குத் தலை சுற்றிவிட்டது. மூன்று தலைமுறையாக நம் வீட்டில் வேறென்ன செய்தோம்? "இருந்தாலும் மனுக் கொடுத்தா விசாரிக்கணும், முப்பது நாள்கூட ஆகும்" என்றார். உன் 22-ஆம் தேதி ஞாபகத்துக்கு வந்தது. நாளைக்கு வாரேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் அந்த வியட்நாம் பெண் என் வாசலில் வந்து நிற்கிறாள். ஷேர் ஆட்டோவில், தன்னந்தனியாக, கையில் என் கடிதத்தோடு. படிக்குக் கீழேயே நின்று, அரைகுறைத் தமிழில், "வணக்கம் மாமா, இது வாசிச்சுச் சொல்லுங்க. செல்வா சொல்ல மாட்டேங்கிறாரு" என்று நீட்டினாள்.

நான் எழுதியதுதான். ஆனால் வாசிக்க வாய் வரவில்லை. அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. "மழை இல்லை, பருத்திக்கு உழுது போட்டிருக்கேன், அக்காவுக்கு முட்டுவலி எப்படி இருக்கு" என்று கடைசி வரிகளையே மூன்று தடவை வாசித்தேன். "முட்டுவலி பரவாயில்ல, மாமா" என்றாள்.

அங்கேதான் வாயை விட்டுவிட்டேன். "மாமான்னு கூப்பிடக் கூடாது தாயி. அவனுக்குத்தான் நான் மாமன். அவனைக் கட்டுறவளுக்கு நான் அப்பன் முறை" என்றேன். ஒருத்தி முறை தப்பிக் கூப்பிட்டால் திருத்தாமல் இருக்க முடியுமா? சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. உள்ளேயிருந்து சுகப்பிரியா கைதட்டுகிறாள்! "செல்வா மச்சானைக் கட்டுறேன்னு நான் எப்பப்பா சொன்னேன்? என்னைய ஒரு தடவையாச்சும் கேட்டீகளா?" என்று அன்றைக்குத்தான் அவளும் வாயைத் திறந்தாள். கேட்டதில்லைதான்.

லானை உள்ளே வரச் சொன்னோம். படி ஏறவே இல்லை. அவர்கள் ஊர் வழக்கம் போல. நின்றபடியே மோர் குடித்துவிட்டுப் போனாள்.

மனுவைக் கிழித்துவிட்டேன். 16-ஆம் தேதி வருகிறேன். அந்தப் பக்கம் அவள் ஒத்தையாக நிற்கக் கூடாது. அக்காவிடம் சொல். உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுக்கவும் பார்த்தேன், எப்படி எடுப்பதென்று தெரியவில்லை.

வீரணன்


திருச்சுழி,
11.10.2025

என் அன்பு மாமாவுக்கு,

அம்மா உங்கள் கடிதத்தைத் தெரு முழுக்க வாசித்துக் காட்டிவிட்டாள்! புதுச்சேலையும் எடுத்தாகிவிட்டது. மூன்று சாட்சி வேண்டும், முதல் கையெழுத்து உங்களுடையது. ஆதார் கார்டை மறக்காதீர்கள். ஆபீசில் மட்டும் "என் மகளைக் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள், அந்த அம்மா மறுபடியும் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடப் போகிறார்!

ஒன்றை மறைக்க மனமில்லை. லான் உங்களைப் பார்க்க வந்தது எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், மாமா. நான் மழுப்பியதால், போன மாதமே அம்மாவை வாசிக்கச் சொல்லி, போனில் வரிக்கு வரி அவள் பாஷைக்கு மாற்றிக் கேட்டிருக்கிறாள். பிறகு ஏன் போனாய் என்றேன். "எழுதினவர் என் முகத்தைப் பார்த்து அதை வாசிப்பாரான்னு தெரியணும். வாசிச்சிருந்தா நான் ஊருக்குப் போயிருப்பேன்" என்றாள்.

படி ஏறாதது அவர்கள் ஊர் வழக்கம் இல்லை, மாமா.

உங்கள்,
செல்வக்குமார்


எம்.ரெட்டியபட்டி,
17.10.2025

மாப்பிள்ளைக்கு,

மாமன் எழுதுவது. சுகப்பிரியா கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் கடைசி வரியைப் படித்ததிலிருந்து நான் முன்வாசல் பக்கமே போகவில்லை. கொல்லை வழியாகத்தான் போய்வருகிறேன்.

நேற்றுக் கையெழுத்துப் போட்ட கையோடு அவளிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அக்கா கட்டிப்பிடித்து அழுத அழுகையில் முடியாமல் போய்விட்டது. விசா மனுவும் போட்டாகிவிட்டது என்று கேள்விப்பட்டுத்தான் ராத்திரி சோறு இறங்கியது. அதனால் இதை எழுதுகிறேன். லானுக்கு வாசித்துக் காட்டு. இந்தத் தடவை ஒரு வரி விடாமல்.

திங்கட்கிழமை தலைதீபாவளி. பெண் பிறந்த வீட்டில்தான் கொண்டாட வேண்டும். என் மகள் லானையும் உன்னையும் எங்கள் வீட்டுக்கு அழைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடுங்கள். படியைக் கழுவிக் கோலம் போட்டு வைக்கிறோம். அவள் வலதுகாலை வைத்து ஏறி வரட்டும். அவள் ஏறுகிறவரை நானும் கீழேதான் நிற்பேன்.

இப்படிக்கு,
லானுடைய அப்பா
வீரணன்