ஏழு பிடி அரிசி

அக்கா,

பெட்டியின் மூடியைத் தூக்கியதும் அந்த வாசம் வந்தது. பழைய மரமும் மக்கிய அரிசியும் கலந்த வாசம். கோயிலைச் சுற்றிக் காட்ட வந்த பெண்ணுக்கு அது தெரியவில்லை. கூட வந்த பத்துப் பேருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

அலோர் காஜா டவுனிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குள் போகும் செம்மண் சாலைக்குத் தார் போட்டுவிட்டார்கள். நீங்கள் தினமும் கூட்டிய அந்தோணியார் கோயிலை இப்போது சனிக்கிழமைதோறும் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். "நீங்க இருந்த தோட்டத்துப் பக்கந்தானேம்மா, வாங்க லா" என்று மகள்தான் இழுத்து வந்தாள். அறுபது வருஷமாக நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத காரணம் அவளுக்குத் தெரியாது.

"வெள்ளைக்காரன் காலத்து எமெர்ஜென்சி டைம்ல, காட்டுல இருந்த கம்யூனிஸ்டுங்களுக்கு இந்தப் பெட்டியிலதான் அரிசி ஒளிச்சு வெச்சாங்களாம்" என்றாள் அந்தப் பெண். "கோயில் கூட்டுற பொம்பள ஒருத்தி. சோல்ஜர்ஸ் புடிச்சிட்டாங்க."

உங்களைத்தான் சொன்னாள் அக்கா. எல்லோரும் பெட்டியைப் படம் எடுத்தார்கள்.

அது பிடி அரிசிப் பெட்டி என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை. வேதக்காரப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொட்டுவார்கள். திருநாளுக்கு ஊர்ச்சோறு அதில்தான். குடியிருப்பைச் சுற்றிக் கம்பி வேலி வந்து, கோயில் அதற்கு வெளியே போன பிறகு எல்லாம் நின்றது. வேலியைத் தாண்டும் அரிசி காட்டுக்குத்தான் போகிறது என்பது பட்டாளத்துக்காரர்கள் முடிவு. வேலைக்குப் போகும்போது கேட்டில் நம் இடுப்பைத் தடவிப் பார்த்தார்கள். தூக்குச்சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள்.

நான் வேதக்காரி இல்லை, எங்கள் வீட்டில் மாரியம்மன்தான். கைக்குழந்தைக்கு இழுப்பு வந்து கண் செருகியபோது, பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்த நீங்கள்தான் "ஒம்போது செவ்வா அந்தோணியாருக்கு நேந்துக்கடி" என்றீர்கள். கும்பிட்டால் போதும் என்று நீங்கள் நினைத்தீர்கள். சாமியிடம் வெறுங்கையோடு போவதா என்று நான் நினைத்தேன். ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து கொண்டைக்குள் வைத்துக் கேட்டைத் தாண்டினேன். பால் வெட்டு முடிந்து திரும்பும் வழியில் பெட்டியில் போட்டேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

ஐந்தாம் செவ்வாய் நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

"அடிப் பாவி! அந்தோணியாரு பொறுத்துக்குவாரு. கேட்ல நிக்கிறவன் பொறுப்பானா?"

அள்ளிக் கோழிக்குப் போடப் போனீர்கள். நேர்ச்சை முடியுமுன் எடுத்தால் பிள்ளைக்கு ஆகாது என்று கையைப் பிடித்து அழுதேன். அரிசியை உள்ளேயே விட்டு மூடியை மூடினீர்கள். நீங்கள் செய்த குற்றம் அது ஒன்றுதான்.

மறுவாரம் கோயில் வாசலில் பூட்ஸ் தடம் கிடந்ததாகச் சொன்னீர்கள். கோயில் சாவி யாரிடம் இருக்கிறது என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி உங்களை இரண்டு தடவை கேட்டாராம். அதைச் சொல்லும்போது நீங்கள் சிரிக்கவில்லை. நான் அப்போதும் நிறுத்தவில்லை.

ஏழாம் செவ்வாய், அரிசியைப் போட்டுவிட்டு நிமிர்கிறேன், வெளியே லாரி நின்றது. நான்கு சிப்பாய்களும் தமிழ் பேசும் ஒருவனும் வந்தார்கள். பெட்டியைத் தரையில் கவிழ்த்தார்கள்.

"யாரு அரிசி?" என்றான் தமிழ் பேசுகிறவன்.

அவிழ்ந்து தொங்கிய என் கொண்டையைப் பார்த்தீர்கள். பிறகு அவனைப் பார்த்தீர்கள்.

"எல்லாம் என்னுதுதான். சாவி எங்கிட்டதானே இருக்கு" என்றீர்கள். அதே மூச்சில் என்னிடம் எரிந்து விழுந்தீர்கள். "நீ என்னாத்துக்கு நிக்கிற? புள்ளைக்குப் பாலு குடுக்கணும்ல? போ!"

போய்விட்டேன் அக்கா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லாரி கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

எங்கேயோ அடைத்து வைத்திருந்து, கப்பலேற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இங்கே பிறந்த உங்களுக்கு நாகப்பட்டினத்தில் யார் இருந்தார்கள்? இறந்துவிட்டீர்கள் என்ற செய்தியே பல வருஷம் கழித்துத்தான் வந்தது. எட்டாம் செவ்வாயும் ஒன்பதாம் செவ்வாயும் நான் போகவே இல்லை. மகளுக்குத் தலைவலி என்றால்கூட இன்றைக்கும் எனக்கு அந்த இரண்டு செவ்வாய்தான் ஞாபகம் வரும்.

அந்தப் பெண் பெட்டியை மூடப் போனாள்.

"மூடாதம்மா" என்றேன். "அதுல இருந்தது காட்டுக்குப் போற அரிசி இல்ல. ஏழு பிடி நேர்ச்சை அரிசி. போட்டது நான்."

மகள் திரும்பினாள். "நீங்களா? யாருக்கும்மா நேந்தீங்க?"

"ஒனக்குத்தான்."

அவள் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுற்றிக் காட்டிய பெண் பேனாவை எடுத்தாள். "உங்க பேரு சொல்லுங்க பாட்டி, எழுதிக்கிறேன்."

அன்றைக்கு யாரு அரிசி என்று அவன் கேட்டபோது சொல்லாத பெயரை, அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னேன். உங்கள் பெயரையும் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே வெளியே சாலையில் ஏதோ லாரி வந்து நின்றது. என் கை தானாகக் கொண்டைக்குப் போயிற்று.