எழுநூறு கிராமுக்குள் ஒரு துடுப்பு

இன்றைக்கு மறுபடியும் அந்த நெடி. பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி, குறுக்குச் சந்து வழியாக அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். காதர் பாய் பட்டறை வாசலில் ஏதோ ஒரு காரின் பம்பரைக் கழற்றிப் போட்டு ரெசின் தடவிக்கொண்டிருந்தார்கள். மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். சிலருக்கு இறந்தவர்களின் நினைவு பூ வாசத்தில் வருமாம், விபூதி வாசத்தில் வருமாம். எனக்கு நீ பம்பர் ஒட்டும் பசையில் வருகிறாய். போன பிறகும்கூட ஒரு காரியத்தை எல்லாரையும் போலச் செய்ய உன்னால் முடியவில்லை.

உன்மேல் எனக்கு இன்னும் எரிச்சல் தீரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வலது மார்பை எடுத்து நாலு மாதம் ஆகியிருந்த சமயம். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்ததால் கை தோளுக்கு மேல் எழும்பாது. சாயங்காலமானால் வளையல் இறுக்கும் அளவுக்கு வீங்கும். சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்றச் சொல்லி இயன்முறை மருத்துவர் சொல்லியிருந்தார். நான் செய்யவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆப்பிளும் ஆர்லிக்ஸும் வைத்துவிட்டு, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே என் வீட்டுக்காரரிடம், "டாக்டரு எம்புட்டு நாளு சொல்லியிருக்காக?" என்று கேட்டார்கள். எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

என் தோழி நீ மட்டும் ஆப்பிள் கொண்டுவரவில்லை. பள்ளத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் விளையாட்டு டீச்சராக விசில் ஊதியவள். ஓய்வு பெற்ற பிறகு ஊத ஆள் இல்லாமல் அலைந்துகொண்டிருந்தாய். நான் கிடைத்தேன்.

தொண்டிப் பக்கம் கடற்கரையில் ஒரு விடுதியை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்புப் போடும் பழைய பைபர் படகு ஒன்றையும், சாயம் போன இரண்டு மிதவைச் சட்டைகளையும் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாய். அமராவதிபுதூரில் உன் வீட்டு வாசலில் அது இறங்கியதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"கண்மாய் நெறைஞ்சு கெடக்குடி. பஞ்சாயத்துல எழுதிக் குடுத்துட்டேன். உன் கைக்கு இதைவிட நல்ல பயிற்சி கெடையாது" என்றாய்.

இயன்முறை மருத்துவரிடம் நீயே என்னை இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாய். அவர் யோசித்து, "மெதுவாச் செய்யலாம். ஆனா துடுப்பு கனமா இருக்கக் கூடாது. வலிச்சா உடனே நிறுத்திடணும்" என்றார். 'கனமா இருக்கக் கூடாது' என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் என் உயிரை எடுத்தாய்.

படகோடு வந்தது ஒரே ஒரு துடுப்பு. அலுமினியக் குழாயும் தடித்த பிளாஸ்டிக் இலையுமாக ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். "இது எனக்கு. உனக்கு வேற பாக்கணும்" என்றாய். அன்றைக்கே என் அடுப்படியில் பிளாஸ்டிக் ஸ்டூலில் என்னை உட்காரவைத்து, துடுப்பின் நீளத்துக்காக ஸ்டூலிலிருந்து என் மூக்கு வரைக்கும் டேப் பிடித்து அளந்தாய். ரசம் பொங்கி வழிந்தது. "ரசம்டீ!" என்று கத்தினேன். "அசையாதே, அளவு தப்புது" என்றாய்.

முதலில் ஆன்லைனில் பார்த்தோம். கார்பன் துடுப்பு ஒன்று, அரைக் கிலோகூட இல்லை. விலையைப் பார்த்துவிட்டு நீ போனை என்னிடம் நீட்டினாய். அந்தக் காசுக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம். என் மருத்துவத்துக்கே நகைகள் போயிருந்தன. உனக்கு வருவது ஓய்வூதியம். மூவாயிரத்துக்குமேல் ஒரு ரூபாய் கிடையாது என்று நீயே கோடு போட்டாய். அந்தக் கோட்டுக்குள் எழுநூறு கிராமுக்கு மிகாமல் வேண்டும், சீக்கிரம் உடையவும் கூடாது. எடை குறைவாக இருப்பது ஒடிந்துபோகிறது, ஒடியாதது கனக்கிறது, இரண்டும் சரியாக அமைந்தால் விலை நம்முடையது இல்லை. இது எனக்கு ஒரு வாரத்தில் விளங்கிவிட்டது. உனக்கு விளங்கவே இல்லை.

மலிவாக ஒரு பிளாஸ்டிக் துடுப்பு வரவழைத்தாய். எடை குறைவுதான். கையில் வாங்கியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நீ அதை வாங்கி, முழங்காலில் வைத்து வளைத்தாய். படக்கென்று விரிசல் விட்டது.

"பாத்தியா, தாங்காது" என்றாய், ஏதோ கண்டுபிடித்த மாதிரி.

"புதுசா வந்ததை எவளாச்சும் முழங்கால்ல வச்சு ஒடிப்பாளா? இனி இதை எவன்டி திருப்பி எடுப்பான்?"

யாரும் எடுக்கவில்லை. அது கடைசிவரை உன் வீட்டில் ஒட்டடை அடிக்கும் கம்பாக இருந்தது.

அடுத்ததாகப் பழம்பொருள் கடைக்குப் போனோம். இடித்த வீடு ஒன்றின் சன்னல் சட்டத்தில் இருந்த பர்மா தேக்கு. கடைக்காரர் தடவித் தடவிக் காட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நீ அதை வாங்கிக்கொண்டு நேரே எதிரில் இருந்த காய்கறிக் கடைக்குப் போய், தராசில் இருந்த கத்தரிக்காயைத் தள்ளிவிட்டு வைத்தாய்.

கடைக்கார அம்மா உன்னையும் கட்டையையும் பார்த்தாள். "என்ன டீச்சர், கிலோ என்ன வெல போடுறீக?" என்றாள்.

"ஒன்னே முக்கால் காட்டுது. செதுக்கினாலும் ஒரு கிலோவுக்குக் கீழ வராது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கட்டையைத் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தாய். அதற்குப் பிறகு அந்தக் கடையில் காய் வாங்க எனக்கு வெட்கமாகிவிட்டது. என்னைக் கண்டாலே அவள், "இன்னைக்கு எடை போட ஒன்னும் கொண்டாரலையா?" என்பாள்.

பிறகுதான் செல்வம் வந்தான். சமையலறை அலமாரிகள் செய்கிற தச்சன். உன்னிடம் கபடி ஆடக் கற்ற பெண்ணைக் கட்டியவன். வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டான். குமிழ் மரம் எடை குறைவு, தண்ணீருக்கும் பரவாயில்லை என்று அவன்தான் சொன்னான். கம்பு குமிழில், இலை மெல்லிய மரைன் பிளைவுட்டில். முதலில் செய்தது எண்ணூற்று ஐம்பது கிராம். இழைத்தான். இலை அகலமாக இருந்தால் தண்ணீர் நிறையப் பிடித்துத் தோளை இழுக்கும் என்று அகலத்தைக் குறைக்கச் சொன்னாய். குறைத்தான். பிடி என் வீங்கிய உள்ளங்கைக்கு அடங்கவில்லை என்று மாற்றச் சொன்னாய். மாற்றினான். ஒவ்வொரு தடவையும் என்னை அவன் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, காற்றில் முப்பது தடவை துடுப்புப் போடச் சொல்வாய். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

"டீச்சர், மூணு அலமாரி செஞ்சிருப்பேன் இந்நேரத்துக்கு" என்றான் செல்வம்.

"செய்யேன், யாரு வேணாம்னது? இதை முடிச்சிட்டுச் செய்."

ஒருவழியாக அறுநூற்று எண்பது கிராமில் நின்றது. நான் கும்பிடு போடாத குறை. ஆனால் பிளைவுட் விளிம்பு கல்லில் பட்டால் பிரிந்துவிடும் என்று, விளிம்பைச் சுற்றிப் பைபர் துணி ஒட்டக் காதர் பாய் பட்டறைக்குக் கொண்டுபோனாய். அவர் கார், பேருந்து பம்பர்களுக்குப் பைபர் வேலை செய்கிறவர். துடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒட்டிக் கொடுத்தார். நீ பையிலிருந்து உன் வீட்டுச் சின்னத் தராசை எடுத்து வைத்தாய். எழுநூற்று இருபது.

"இருபது கிராம் கூட இருக்கு. செல்வத்துக்கிட்ட மறுபடி போவோம். கம்புல கொஞ்சம் எடுக்கலாம்" என்றாய்.

அப்போதுதான் எனக்குப் பொங்கிவிட்டது. துடுப்பைப் பிடுங்கித் தரையில் போட்டேன்.

"போதும்டி. ஆறு மாசமோ ஒரு வருசமோ இருக்கப்போறவளுக்கு எதுக்கு இம்புட்டு? ஊரே நாளு எண்ணுது, நீ கிராம் எண்ணுறே. ஒரு மூங்கில் கம்பைக் குடு, போதும்."

பட்டறையில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. காதர் பாய் குனிந்து துடுப்பை எடுத்து, ஒட்டின இடம் விட்டிருக்கிறதா என்று பார்த்தார். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. அவரிடம் கேட்டாய்.

"பாய், இது எத்தனை வருசம் தாங்கும்?"

"வெயில்ல போடாம நெழல்ல வச்சு, வருசத்துக்கு ஒருக்க வார்னிஷ் அடிச்சீகன்னா பத்து வருசம் தாங்கும் டீச்சர்."

"பத்து பத்தாது. பதினஞ்சு வருசத்துக்கு என்ன செய்யணுமோ, அதைச் செய்ங்க."

பிறகுதான் என்னைப் பார்த்தாய். "இருபது கிராம் உன் கைக்கு. பதினஞ்சு வருசம் உனக்கு. ரெண்டுலயும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன்."

மார்பை எடுத்த நாளிலிருந்து எனக்கு எதிரில் யாருமே ஒரு வருஷத்துக்கு மேல் எண்ணியதில்லை. என் வீட்டுக்காரரேகூட அடுத்த தீபாவளிக்கு அப்பால் எதையும் பேசமாட்டார். பேருந்தில் வரும்வழி முழுக்கச் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். நீ வறுத்த கடலை வாங்கிப் பாதியை என் மடியில் கொட்டிவிட்டு மீதியைத் தின்றுகொண்டு வந்தாய்.

மறுநாள் செல்வத்திடம் போனோம். இருபது கிராம் எடுத்தான். பாய் விளிம்புக்கு இன்னொரு மெல்லிய பூச்சு கொடுத்தார். எடை பழையபடி ஏறாமல் இருக்க நீ பக்கத்திலேயே தராசோடு நின்றாய்.

கண்மாயில் இறங்கிய முதல் நாள் படகு வட்டம் அடித்தது. முன்னால் நான், பின்னால் நீ. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள், "ஏத்தா, அங்குட்டுப் போகாதீக, அல்லிக் கொடி கெடக்கு!" என்று கத்தினார்கள். நீ "இடுப்பை நிமுத்து, கையால இழுக்காதே, முதுகைத் திருப்பு" என்று கத்தினாய். நான் கரையில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படியாகவே உன்னைத் திட்டினேன். பத்து தடவை போடு, நிறுத்து, மூச்சு வாங்கு, மறுபடி பத்து. வாரத்தில் மூன்று காலை. இரண்டு மாதத்தில் ஒருநாள், கண்ணாடி முன்னால் நின்று என் கொண்டையை நானே போட்டேன். இரண்டு கையும் தலைக்குப் பின்னால் போயிற்று. உடனே உனக்குப் போன் செய்தேன். "சரி, நாளைக்கு ஆறு மணிக்கு வந்துரு" என்று சொல்லி வைத்துவிட்டாய். ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அதற்கு அடுத்த வருஷம் ஒரு வியாழக்கிழமை, உன் மகள் போன் செய்தாள். அடுப்படியில் விழுந்துவிட்டாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று நாள். நான் கண்ணாடிக் கதவு வழியாகத்தான் பார்த்தேன். நீ கண்ணைத் திறக்கவில்லை.

துக்க வீட்டில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "எமன் வீடு மாறிப் போயிட்டான்" என்று உன் நாத்தனார் என் காதுபடச் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோபம் வந்தது பதினாறாம் நாள். உன் மகள் உன் கைப்பையை என் முன்னால் கவிழ்த்தாள். ரத்த அழுத்த மாத்திரை, மூன்று அட்டை, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. கூடவே ஒரு வருஷத்துக்கு முந்தைய மருந்துச் சீட்டு.

"அத்தை, அம்மா எங்ககிட்ட சொல்லவே இல்லை. உங்ககிட்டயாவது சொன்னாகளா?"

சொல்லவில்லை. என் மாத்திரை டப்பாவைத் திறந்து காலை மாத்திரை போட்டேனா என்று பார்ப்பவள், என் கை வீக்கத்தை நூல் வைத்து அளப்பவள், இருபது கிராமுக்காக இரண்டு பட்டறை ஏறி இறங்கியவள், தினம் ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அந்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேருக்கு நடுவில் உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். உன் மகள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

பல மாதம் கண்மாய்ப் பக்கமே போகவில்லை. கை மறுபடி வீங்கியது. இப்போது உன் மகள் ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னால் உட்காருகிறாள். அவள் கத்துவதில்லை. அதனால் படகு அடிக்கடி அல்லிக் கொடியில் மாட்டுகிறது. போன மாதச் சோதனையிலும் எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

உன் காரியங்கள் முடிந்த கையோடு நான் ஒரு ரத்த அழுத்தக் கருவி வாங்கினேன். அது எப்போதும் என் கைப்பையில் இருக்கிறது. சாப்பாட்டு டப்பாவை மறந்தாலும் அதை மறப்பதில்லை. தெருவில் யாரையும் விடுவதில்லை. பால்காரருக்குப் பார்த்தேன், செல்வத்துக்குப் பார்த்தேன், காதர் பாய்க்கும் பார்த்தேன். நான் தட்டச்சு செய்கிற பத்திர எழுத்தர் அலுவலகத்தில் என் முதலாளிக்கு நூற்று எழுபது இருந்தது. அன்றிலிருந்து தினம் காலையில் அவர் மேசைக்கு முன்னால் போய் நிற்கிறேன். மாத்திரை அட்டையை எடுத்து எத்தனை குறைந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் என் வேலையை ஆரம்பிப்பேன். அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

இன்றைக்கும் போய் நின்றேன். "ஏம்மா, உங்களுக்கு வேற சோலியே இல்லையா? பத்திரம் பதிய ஆளு வந்து உக்காந்திருக்காக" என்றார்.

நான் நகரவில்லை. கருவியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

திட்டிக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டார்.