வழுக்கையாற்றங்கரைப் பாதை

இஞ்சாரும்,

நான் சொல்லச்சொல்லப் பக்கத்துவீட்டு ரீச்சர் எழுதிறா. அதாலை கனக்கக் கதைக்கேலாது.

அண்டைக்கு ஆத்தங்கரையாலை போவம் எண்டு நீர் சொன்னனீர். நான்தான் கேக்காமல் பெரிய றோட்டிலை சைக்கிளை விட்டன். பின்னாலை வந்த வான்காரன் தட்ட, கரியரிலை இருந்த உமக்குக் கால் முறிஞ்சுது. மகள் உம்மை உடுவிலுக்குத் தன்ரை வீட்டை கொண்டுபோனதிலை பிழையில்லை.

இப்ப ஆறு வத்திப்போச்சு. எங்கடை சண்டிலிப்பாயிலையிருந்து உடுவிலுக்குக் கிட்டக் கந்தரோடை வரைக்கும் கரையாலை மூண்டுதரம் ஓடிப்பாத்திட்டன். ஒரு வாகனமும் இல்லை. எதிரை வந்தது ரெண்டு மாடுதான். மதகடியிலை மட்டும் இறங்கி உருட்டவேணும்.

"அப்பா, இனி அம்மாவைச் சைக்கிளிலை ஏத்திப் பாருங்கோ, தெரியும்!" எண்டு மகள் வெருட்டினவள். வெருட்டட்டும். உமக்கு நடக்கலாம் எண்டு டாக்குத்தர் சொல்லிப்போட்டாராம். கரியரிலை தலையணை கட்டியிருக்கிறன். வெள்ளிக்கிழமை காலமை உம்மை வீட்டை கூட்டிவர வாறன். வாசல் படலையடியிலை நில்லும்.

இந்தமுறை நீர் சொல்லுற பக்கம்தான் திருப்புவன்.

உம்மை விழுத்தின மனுசன்