தாரணி நின்ற தேர்தல்

ஒக். 8, சனி

விடியற்காலையிலிருந்து தூறல். மண் இளகிக் கிடந்ததால் தேர்தல் சைன் பலகைக் கம்பிகள் சுகமாக இறங்கின. மில்லிக்கன் பகுதியில் இரண்டு தெரு முடிந்தது. கையுறை கிழிந்துவிட்டது, வாங்க வேண்டும். வான் வண்டிக்கு எஞ்சின் ஒயில் மாற்ற வேண்டும்.

மகள் தாரணியின் பெயரை இவ்வளவு பெரிய எழுத்தில், ஆட்களின் புல்தரையில் பார்ப்பது இன்னும் பழகவில்லை.

இன்றைக்கும் ஒரு அம்மா கதவைத் திறந்து, "ட்ரஸ்ரி எண்டா என்ன, கோயிலுக்கோ?" என்று கேட்டா. "இல்லை அம்மா, பள்ளிக்கூடச் சபைக்கு" என்று தாரணி சிரித்துக்கொண்டே விளக்கினாள். மேயருக்கும் கவுன்சிலருக்கும் வோட்டுப் போடுகிற அதே தாளில்தான் இதுவும், கடைசியாக. பாதிச் சனம் அந்த இடத்துக்கு வருமுன் தாளை மடித்துவிடுமாம்.

பின்னேரம் ஸ்டீல்ஸ் வீதிப் பக்கம். தாரணி எதிர்ப்பக்க வீடுகள், நான் இந்தப்பக்கம். ஒரு வீட்டில் என் வயது மனிதர், கையில் தேத்தண்ணிக் கோப்பை. மரியாதையாகத்தான் கதைத்தார்.

"மகளோ நிக்கிறா? நல்லது. தேர்தல் நாளுக்கு முன்னமே, இப்பவே போய் வோட்டுப் போடலாமாம். நீங்கள் போட்டாச்சோ அண்ணை?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"எனக்கு வோட்டில்லை. நான் இன்னும் சிற்றிசன் எடுக்கேல்லை."

"எப்ப வந்தனீங்கள்?"

சொன்னேன். கோப்பையை ஒரு தரம் பார்த்தார்.

"அப்ப உங்களிட்ட இல்லாததை என்னட்டக் கேக்க வந்திருக்கிறியள்."

கோபமாகச் சொல்லவில்லை. நோட்டீசை வாங்கிக்கொண்டுதான் கதவைச் சாத்தினார். தாரணி என்னவாம் என்று கேட்டாள். "பாப்பம் எண்டவர்" என்றேன்.

ஒக். 10, திங்கள்

விடுமுறை. நல்ல வெயில், ஆனால் குளிர்காற்று. உதவிக்கு வருகிற பிள்ளைகளுக்கு மனைவி வசந்தி ரோல்ஸ் சுட்டாள். உள்ளே வைத்த கறி கொஞ்சம் உப்புக் குறைவு. ஒருவரும் சொல்லவில்லை.

தாரணியின் சிநேகிதி மீரா, தேர்தல் வேலை முழுதையும் பார்க்கிற பிள்ளை, போனைக் கொண்டுவந்து காட்டினாள். வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்ததாம். "அப்பா முப்பது வருசத்துக்கு மேல இருந்தும் இந்த நாட்டுக் குடியுரிமை வேண்டாம் எண்டிருக்கிறார். மகள் எங்கட வோட்டைக் கேட்டு வாறா. யோசியுங்கோ." கீழே பெருவிரல்கள், சிரிக்கிற முகங்கள். எழுதியது யாரென்று தெரியாது. அந்தக் கோப்பை மனிதர் என்று நினைக்க விருப்பமில்லை.

"அங்கிள், பெரிய விசயமில்லை. பட் ஆக்கள் கதைக்கினம்" என்றாள் மீரா.

தாரணி சாப்பாட்டு மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல்:

"அப்பா, இனி நீங்கள் வான் மட்டும் ஓடுங்கோவன். வீடுகளுக்கு நாங்கள் போறம்."

"ஓம். அதுக்கென்ன."

பசியில்லாமல் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன். பிள்ளை எப்படிச் சொல்வது என்று எத்தனை தரம் யோசித்திருப்பாள்.

ஒக். 13, வியாழன்

மழை. வான் ஒயில் மாற்றியாயிற்று. கையுறை மறந்துபோயிற்று.

காலையில் தாரணியையும் மீராவையும் ஒரு பிளாசாவில் இறக்கிவிட்டு வானுக்குள் இருந்தேன். கண்ணாடிக்கு வெளியே அவள் ஆட்களை மறித்துக் கதைக்கிறாள். சத்தம் கேட்காது. கை மட்டும் அசைகிறது. ஒரு பெண் நின்று கனநேரம் கேட்டா. தாரணி என்ன சொன்னாளோ.

வீட்டில் வசந்தியோடு வாக்குவாதம். போஞ்சி வெட்டிக்கொண்டே தொடங்கினாள்.

"நான் சிற்றிசன் எடுக்கேக்கையே சொன்னனான், சேர்ந்து எடுப்பம் எண்டு."

"அப்ப திரும்பிப் போற எண்ணம் இருந்தது. ஒராளாவது ஊர்ப் பாஸ்போட்டோட இருப்பம் எண்டு…"

"அது ஆக்களுக்குச் சொன்ன கதை. உங்களுக்குச் சிற்றிசன் சோதினைக்குப் பயம்."

வெட்டின போஞ்சி நுனிகளைக் கூட்டி அள்ளினேன். அவள் விடவில்லை.

"பேந்து அம்பத்தஞ்சு தாண்டினாச் சோதினை இல்லை எண்டாங்கள். தாண்டி எத்தினை வருசம்? அதுக்கென்ன கதை வைச்சிருக்கிறியள்?"

அவள் சொன்னது சரி. பேக்கரியில் முப்பது வருடம். மாவுக்கும் அடுப்புக்கும் இங்கிலீசு தேவைப்படவில்லை. மேசைக்கு அந்தப்பக்கம் ஒருவர் இருந்து கேள்வி கேட்பார், நான் முழுசுவேன், அதை வசந்தியும் மகளும் பார்ப்பார்கள். அதைத்தான் நாட்டுப்பற்று என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சிலர் பாராட்டினார்கள். பாராட்டை வாங்கிக்கொண்டேன். சோதனை இல்லை என்று ஆனபின் இவ்வளவு காலம் ஏன் என்று யாராவது கேட்பார்களே என்ற வெட்கம். வெட்கத்தில் இன்னும் பிந்தியது.

போஞ்சிக்கறி நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

ஒக். 24, திங்கள்

தேர்தல். வானம் மப்பு, மழையில்லை. காலை பத்து மணிக்கே ஓட்டம் தொடங்கியாயிற்று. கார் இல்லாதவர்களை, நடக்க ஏலாதவர்களை ஏற்றிக்கொண்டு போய் வாக்குச் சாவடியில் விடுவது என் வேலை. சாவடி பள்ளிக்கூட ஜிம்முக்குள்.

முதல் ஓட்டத்திலேயே ஒரு அலுவலர் வந்து வானில் ஒட்டியிருந்த தாரணியின் படத்தைக் காட்டி, அதோடு இந்த வளவுக்குள் நிற்க முடியாது என்றார். நல்ல மாதிரித்தான் சொன்னார். கழற்றி, முகம் கீழாகப் பின் சீற்றில் வைத்தேன். பிறகு சரியில்லை போல இருந்தது. திருப்பி வைத்தேன்.

வசந்தி நீலப் பட்டுச் சேலையோடு வந்தாள். குளிருக்கு மேலே ஜக்கற், காலில் சப்பாத்து. தாயும் மகளும் ஒன்றாக உள்ளே போனார்கள். கதவடியில் தாரணி ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். கையைக் காட்டினேன். வசந்தியின் கைப்பை என்னிடம்.

திரும்பி வந்து வானில் ஏறினதும் கேட்டேன்: "தாள் எப்படி இருக்கும்?"

"நீட்டு. மேயருக்கு ஒரு பட்டாளம். பேருக்குப் பக்கத்தில சின்ன வட்டம், அதைக் கறுப்பாக்க வேணும். பேந்து மெசினுக்குள்ள விட, அது இழுத்துக்கொள்ளும்."

"இவளின்ர பேர்?"

"கீழ. தேடித்தான் கண்டன்." கைப்பையை என்னிடமிருந்து வாங்கினாள். "ரெண்டு தரம் வாசிச்சிட்டுத்தான் கறுப்பாக்கினன்."

பின்னேரம் பக்கத்து வீட்டுப் பொன்னம்பலம் அண்ணை. எண்பது வயது. ஏற்றி, தடியைப் பிடித்து, உள்ளே விட்டு, திரும்ப ஏற்றினேன்.

"போட்டாச்சோ அண்ணை?"

"ஓம். மேயருக்கு வடிவாப் போட்டன்."

"மற்றதுகள்?"

"எழுத்துச் சின்னன் தம்பி. கண்ணாடி வீட்டில. காணும், போதும் எண்டு விட்டிட்டன்." பிறகுதான் யோசித்தவர் போல, "உன்ர பிள்ளையின்ர பேரும் அதுக்குள்ளையோ?"

"பரவாயில்லை அண்ணை."

சீற் பெல்ற்றைப் போட்டுவிட்டேன். வீட்டு வாசல் வரை கூட்டிக்கொண்டு போனேன்.

ஒக். 25, செவ்வாய்

தோல்வி. இரண்டாவதாக வந்திருக்கிறாள். ஏற்கெனவே பதவியில் இருந்தவர்தான் திரும்பவும். வாக்கு வித்தியாசம் பெரிசு. பொன்னம்பலம் அண்ணையின் வாக்கும் என்னுடையதும் சேர்ந்திருந்தாலும் ஒன்றும் மாறியிராது. இரவு அப்படித்தான் மனதுக்குச் சொல்லிக்கொண்டு படுத்தேன். காலையில் அது உதவவில்லை.

நேற்று முடிவு வந்ததும் தாரணி எல்லாரையும் கட்டிப்பிடித்து நன்றி சொன்னாள். என்னையும். எனக்கும் மீராவுக்குச் சொன்ன அதே நன்றிதான்.

இன்று வேலைக்குப் போய்விட்டாள், டென்ரல் கிளினிக். இன்னும் ஒரு நாள் லீவு எடுத்திருக்கலாம்.

ஒக். 26, புதன்

குளிர் கூடிவிட்டது. சைன் பலகைகள் கழற்றவேண்டும், நகரசபைக்காரர் நாள் கணக்கு வைத்திருக்கிறார்கள், விட்டால் தண்டம். வேலை முடிந்து தாரணி வந்தாள். நான் வானை ஓட, அவள் இறங்கி இறங்கிப் பிடுங்கினாள். வானுக்குப் பின்னால் அவளின் முகம் அடுக்கடுக்காக.

கோப்பை மனிதரின் தெருவில் நான் வானைக் கொஞ்சம் வேகமாக விட்டேன்.

ஒரு சிவப்பு விளக்கில் அவள் கேட்டாள்.

"அப்பா, உங்களுக்கு வோட் இருந்திருந்தா எனக்குப் போட்டிருப்பீங்களோ?"

"என்ன கேள்வி. மகளுக்குப் போடாமல்?"

"மகள் எண்டபடியா."

"வேற என்னத்துக்கு?"

விளக்கு பச்சையானது. அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஏன் தேர்தலில நிண்டனான் எண்டு நீங்கள் ஒருக்காவும் கேக்கேல்லை அப்பா."

எனக்கு உண்மையாகவே ஞாபகப்படுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. கேட்கவில்லை. பலகை எத்தனை, எந்தத் தெரு, எத்தனை மணிக்கு வான், இவ்வளவும் கேட்டேன். வானை ஒரு பிளாசாவுக்குள் விட்டு நிறுத்தினேன்.

"சரி. சொல்லு. ஏன் நிண்டனி?"

சொன்னாள். சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில் இருந்த காலம், மூன்றாம் வகுப்பு. இங்கே பிறந்த பிள்ளையை, வீட்டில் தமிழ் என்பதற்காக, இங்கிலீசு தெரியாத பிள்ளைகளின் வகுப்பில் இருத்தினார்களாம். ஒரு முழு வருடம். படம் கீறிக்கொண்டு இருந்தாளாம்.

"எனக்குத் தெரியாதே பிள்ளை."

"பள்ளிக்கூடத்தால இங்கிலீசில நோட் வந்தது அப்பா. நீங்கள்தான் கையெழுத்து வைச்சனீங்கள். என்னெண்டு கேட்டனான். அவையின்ர பள்ளிக்கூடம், அவைக்குத் தெரியும் எண்டனீங்கள்."

அழவில்லை. என்னைக் குற்றம் சொல்லுகிற குரலும் இல்லை. ஒரு வீட்டு இலக்கம் சொல்வதுபோல.

"இப்பவும் அப்பிடி நோட் போகுது. அதுதான் நோட்டீசில ரெண்டாவது விசயம். அம்மா அப்பாவுக்கு விளங்கிற பாசையில சொல்ல வேணும் எண்டு."

அந்த நோட்டீசை எத்தனை வாசலில் நீட்டியிருப்பேன். ஒரு பக்கம் தமிழில்தான் இருந்தது.

"அடுத்த முறையும் நில்லு பிள்ளை" என்றேன்.

"இல்லை அப்பா. எனக்குக் காணும்." பிறகு, "வானை எடுங்கோ, இன்னும் மூண்டு தெரு கிடக்கு."

ஒக். 30, ஞாயிறு

மழை. இலை கூட்ட முடியாது.

நோட்டீசை வாசித்தேன், தமிழ்ப் பக்கம். நன்றாக எழுதியிருக்கிறாள். ஒரு எழுத்துப் பிழை. முன்பே வாசித்திருந்தால் சொல்லியிருக்கலாம்.

பின்னேரம் வசந்தி கொம்பியூட்டரைத் திறந்து, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிற இடத்தைக் கண்டுபிடித்துத் தந்தாள். பக்கத்தில் கதிரை போட்டு அவளும் இருந்தாள். பெயர், பிறந்த திகதி, விலாசம் வரை சுகம். கடந்த ஐந்து வருடத்தில் நாட்டை விட்டு வெளியே நின்ற நாட்கள் எத்தனை என்று கேட்டது. பூச்சியம். வந்த நாளிலிருந்து என்று கேட்டிருந்தாலும் அதே பூச்சியம்தான் போட்டிருப்பேன், ஊருக்குக்கூட ஒரு தரமும் போகவில்லை. வசந்தி திரையைப் பார்த்தாள்.

மிச்சம் நாளைக்கு என்று எழும்பினேன்.

"அடுத்த தேர்தலுக்கு உங்களுக்கும் வோட்டு வந்திடும்" என்றாள்.

"ஆருக்குப் போட?"

அடுப்பில் பருப்பு பொங்கியது. அவள் அதைப் பார்க்கப் போய்விட்டாள்.