உன் பக்கத்துக் குளிர்

தம்பி,

இன்று காலை பங்காருபேட்டை ரயில்வே கேட்டில் காத்திருந்தபோது கார் ஏசியிலிருந்து சூடான காற்று வந்தது. கூடவே, நனைந்து காய்ந்த கோணிச் சாக்கின் வாடையும் வந்தது. நீ வந்து உட்கார்ந்துவிட்டாய் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. பழைய நார் சூடேறினால் வாடை வரும், அவ்வளவுதான். ஆனால் கேட் திறந்து, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துத் திட்டும்வரை நான் வண்டியை எடுக்கவில்லை.

உனக்கு உடம்பு முடியாமல் போன அந்தச் சித்திரையிலும் இதே ஏசிதான் அடுப்பு ஊதியதுபோல் ஊதியது. தங்கச் சுரங்க ஊரான நம் சாம்பியன் ரீப்ஸிலிருந்து பெங்களூரு மருத்துவமனைக்கு உன்னை நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன். சுரங்கத்துத் தூசி குடியேறிய நெஞ்சு உன்னுடையது. தங்கம் பிரித்த கழிவு மலையாய்க் குவிந்த சைனைடு மேட்டின் வெள்ளைப் புழுதியும் நெடுஞ்சாலையின் லாரிப் புகையும் அதற்கு ஆகாது என்பதால் கண்ணாடியை இறக்க வழியில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சூட்டில் அடைத்துவைத்தாலும் உனக்கு மூச்சு முட்டும். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உன்னை இழந்துவிடுவேனோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். உனக்கோ யாரோ உன்னை மறுபடி ஷிப்டுக்குக் கூப்பிட்டுவிட்டது போன்ற உற்சாகம்.

"சூடு வருதுன்னா எங்கியோ கதவு தொறந்து கீதுன்னு அர்த்தம், யக்கா."

"இது காருடா. சுரங்கத்து ஷாப்ட் இல்ல."

"காத்துக்குக் காரு இன்னா, ஷாப்டு இன்னா? காலேஜ்ல பாடம் நடத்துனவளுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது!"

நான் நடத்திய பாடம் இயற்பியல் என்பதை நினைவூட்டினேன். நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுரங்கத்தின் ஆழத்து லெவல்களில், அதாவது அடுக்குகளில், காற்று வழிதவறும் இடத்தில் சாக்குத் திரை கட்டி, ஆட்கள் நிற்கும் பக்கம் அதைத் திருப்பிவிடுவது உன் வேலையாக இருந்தது. அதே நம்பிக்கையில் அரிசிச் சாக்கைக் கிழித்து, நனைத்து, முன்கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்று நுழையும் வழியெல்லாம் திணித்தாய். நடுவில் நின்று நின்று மூச்சு வாங்கினாய். என்னைத் தொடவிடவில்லை. வேலை முடிந்ததும் முன் இருக்கையில் அமர்ந்து, "இப்ப போடு" என்றாய்.

காற்று பாதியாகக் குறைந்தது. சூடு அப்படியே இருந்தது.

"இன்னொரு கதவு கீது," என்றாய், கொஞ்சமும் வெட்கமில்லாமல். உன் நகக்கண்கள் நீலம் பாரித்திருந்தன. மறுநாள் நீ மறுக்க மறுக்க வண்டியை நம்மூர் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவருடைய அப்பா உன்னோடு ஒரே கேஜில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். பானட்டைத் திறந்து ஈரச் சாக்கைத் துண்டு துண்டாக உருவி வெளியே போட்டார் அவர்.

"இன்னா பெரியப்பா, எத்தினாவது லெவல் இது? தண்ணி வேற வுட்டு வச்சிருக்கீங்க!"

"மொதல்ல சூடு ஏன் வருதுன்னு கண்டுபுடி. அப்பால சிரி."

அவர் கண்டுபிடித்தார். உள்ளே காற்றைத் தள்ளும் ஃபேனில் குறையில்லை. ஏசியைப் போட்டால் கம்ப்ரஸர்தான் சுற்ற மறுத்தது, ஏனென்றால் கேஸ் குறைந்திருந்தது. குழாய் இணைப்பு ஒன்றில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்த இடத்தைக் காட்டி, கேஸ் வெளியேறுவது அங்கேதான் என்றார். கசிவை விட்டுவிட்டுக் கேஸை மட்டும் நிரப்பினால் மறுபடி போய்விடும் என்று ரப்பர் வளையத்தை மாற்றி, குழாய்க்குள் இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியெடுத்த பிறகே புதிய கேஸை ஏற்றினார். ஆக, எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை. நீ உள்ளங்கையை நீட்டிக் குளிரைச் சோதித்துவிட்டு, "பரவால்ல, ஏதோ பண்ணிகிறான்" என்றாய். உன் அகராதியில் அது பட்டயம்.

அடுத்த பயணத்தில் பங்காருபேட்டையைத் தாண்டுவதற்குள் உனக்கு இருமல் வந்துவிட்டது. அந்த வறண்ட குளிர் உன் நெஞ்சுக்குச் சூட்டைவிடக் கொடியதாக இருந்தது. நான் ஏசியை நிறுத்தப் போனேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"வுட்டு வெய்யி. ஓட்டுறவ நீ. வேர்த்து, கண்ணு இருட்டுச்சின்னா ரெண்டு பேர் கதையும் இங்கியே முடிஞ்சிடும்."

சொல்லிவிட்டு உன் பக்கத்துக் காற்றுவாயின் தகடுகளை என் பக்கம் திருப்பினாய். துண்டால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு பெங்களூரு சேரும்வரை அப்படியே வந்தாய். உனக்காக நான் பழுதுபார்த்த குளிரை எனக்காக நீ சகித்துக்கொண்டாய். ஒரு தாய் வயிற்றில் இப்படி இரண்டு மூடர்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு பயணத்திலும் இதுவே நடந்தது. நீ திருப்புவாய். வீடு திரும்பியதும் நான் தகடுகளை நேராக்கிவைப்பேன். ஒழுங்கு என்பது எனக்கு வியாதி என்று நீயே சொல்வாய்.

கடைசி முறை போனபோது உன்னால் கையைத் தூக்க முடியவில்லை. குளிர் நேராக உன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. நான்தான் ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, மறுகையால் தகடுகளை என் பக்கம் இழுத்தேன்.

"முழுக் குளிரும் உனக்கேவா, யக்கா?"

"ஆமாண்டா. வயசானவளுக்கு வுட்டுக்குடு."

நீ சிரித்தாய். சிரிப்பின் பாதியிலேயே மூச்சு தீர்ந்துபோயிற்று. பிறகு மருத்துவமனையில், குழாய்களுக்கு நடுவே சில சொற்கள் பேசினோம். அவற்றை நான் நம் பேச்சாகக் கொள்வதில்லை. நமக்குள் நடந்த கடைசிப் பேச்சு காரில் நடந்ததுதான். திரும்பும்போது நான் தனியாக ஓட்டிவந்தேன். தகடுகளை நேராக்கவில்லை.

இன்று மெக்கானிக் பழுதை உடனே கண்டுபிடித்துவிட்டார். ரேடியேட்டருக்கு முன்னாலுள்ள ஃபேன் இறுகிப்போயிருந்தது. வண்டி ஓடினால் குளிர்வதும் நின்றால் கொதிப்பதும் அதனால்தான். அதை மாற்றிவிட்டு, காற்று வடிகட்டியில் மிச்சமிருந்த உன் சாக்கு நாரையும் எடுத்துப்போட்டார். துடைத்துக்கொண்டே வந்தவரின் கை இடப்பக்கத்துத் தகடுகளில் நின்றது.

"இது ஒரே பக்கமா நின்னு இறுகிட்டு கீது, டீச்சர். நேராக்கிடட்டுமா?"

"வேண்டாம்," என்றேன். அவர் பெரியப்பாவைக் கண்டவர், துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பானட்டை மூடப் போனார்.

இப்போது இரண்டு பேருக்குரிய குளிரும் என் மேல்தான் விழுகிறது. இடது தோள்பட்டை மரத்துப்போய்விடுகிறது. வாதம், குளிர் ஆகாது என்கிறார் டாக்டர். நான் தோளில் ஒரு கம்பளிச் சால்வையைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறேன்.

அக்கா