தரப்பாளுக்குள் இருந்த புளி விறகு

பருத்தித்துறை,
மார்கழி 18.

அன்புள்ள மகள் ஷரோனுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மருமகன் ஜெனுஷனும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டுமென்று மாலை ஜெபத்தில் தவறாமல் கேட்கிறோம். இங்கே அம்மாவும் நானும் கர்த்தர் தந்த அளவுக்குச் சுகம். அந்த அளவு எவ்வளவு என்பதைப் பற்றியதே இக்கடிதம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ முகத்தைக் காட்டிக் கேட்கும்போது எனக்கு "ஓம்" என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வருவதில்லை. எழுதினால் பிழையை வெட்டித் திருத்தலாம். மழை விட்டபாடில்லை, உடுப்பிட்டி மாமியின் முழங்கால் முன்போலவே இருக்கிறது, நத்தார்ப் பாட்டுக்கு என்னை இந்த முறையும் பின்வரிசையில் விட்டிருக்கிறார்கள், அது சரியான இடம்தான்.

கார்த்திகையில் அம்மாவின் இருமலுக்காக டொக்டர் நெஞ்சைச் சோதித்துவிட்டு "அடுப்புப் புகைக்குள்ளை நிண்டுகொண்டு மருந்து எடுத்துப் பிரயோசனம் இல்லையம்மா" என்று சொன்னதும், நீ அன்று பின்னேரமே தை 20ஆம் திகதிக்கு அம்மாவுக்கு விமான ரிக்கற் போட்டு, இனி அம்மா நோர்வேயில் என்னோடுதான் என்று சொன்னதும், நான் "நல்லது" என்று சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். வீட்டைப் பார்க்க ஒருவர் வேண்டும் என்றும் நானே சொன்னேன். அம்மா எழுந்து அடுப்பை ஊதப் போனார். காஸ் அடுப்புகள் வெடித்ததாகச் செய்தி வந்த வருடம் அவர் வெளியே வைத்த சிலிண்டர் இன்னும் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, நீ அனுப்பிய மின்னடுப்பு பெட்டியோடு அலுமாரிக்கு மேலே இருக்கிறது, அதன்மேல் ஒரு துணி விரித்திருக்கிறார், மரியாதைக்குக் குறைவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் "இஞ்சாருங்கோ, நாப்பது வருசம் ரசாயனம் படிப்பிச்சனீங்கள்தானே, புகையாத விறகு ஒண்டு பாத்துச் சொல்லுங்கோவன், பிறகு நான் போறதோ இல்லையோ எண்டு யோசிப்பம்" என்றார்.

படிப்பித்தது உண்மை. ஆனால் விறகைப் பற்றிப் பாடத்திட்டத்தில் ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே விறகு விற்கும் மரியரட்ணத்திடம் போய், எந்த மரம் குறைவாகப் புகைக்கும் என்று கேட்டேன். அவர் "மாஸ்ரர், விறகெண்டால் எரியும், எரியாட்டி அது விறகில்லை" என்றார். இதைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன், ஆனால் பயன்படவில்லை. பிறகு அவருடைய கொட்டிலிலிருந்து மரத்துக்கு ஒரு சிறு கட்டாக வாங்கி வந்து, அம்மாவைக் குசினிக்குள் வரவேண்டாமென்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு விறகிலும் ஒரே கேத்தலில் ஒரே அளவு தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். புகையை அளக்கக் கருவி இல்லாதபடியால், அடுப்புக்குப் பின்சுவரில் தொங்கும் சபை நாட்காட்டியின் வசனத்தை வாசலில் நின்று வாசிக்க முடிகிறதா என்று பார்த்து, பத்துக்குப் புள்ளி போட்டேன். பனைமட்டை உடனே பற்றி, கேத்தல் சூடாகுமுன் முடிந்துவிட்டது, அது அடுப்பு மூட்டத்தான் நல்லது. தென்னம்பொச்சில் வசனமும் தெரியவில்லை, நாட்காட்டியும் தெரியவில்லை. வேம்பு நன்றாக எரிந்தது, ஆனால் தேநீர் கசந்தது, அது என் கற்பனையாகவும் இருக்கலாம். முருங்கையை முழுமைக்காகச் சேர்த்தேன், சேர்த்திருக்கத் தேவையில்லை. பூவரசுக்கு ஆறு. புளி பற்றுவதற்குச் சுணங்கியது, பற்றிய பிறகு நின்று எரிந்து நல்ல தணலும் விட்டது, வசனம் கடைசி எழுத்துவரை தெரிந்தது. ஒன்பது கொடுத்தேன். பத்துக் கொடுக்கத் துணிவு வரவில்லை.

இதில்தான் சிக்கல் வந்தது. எங்கள் கொட்டிலில் ஆவணியிலிருந்து கிடப்பதும் புளிதான், அதே மரியரட்ணம் வண்டியில் கொண்டுவந்து பறித்து இறக்கியதுதான். அந்தக் குவியலிலிருந்து ஒரு கட்டை எடுத்து எரித்தபோது சீறியது, அடியில் நுரை தள்ளியது, புள்ளி இரண்டு. என் கணிப்புப் பிழையென்று நினைத்து மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் இரண்டு. ஒரே நீளம் ஒரே பருமனில் இரண்டு கட்டைகளை நிறுத்துப் பார்த்தேன், புதிதாக வாங்கிய கட்டை ஒன்றேகால் கிலோ, எங்கள் கட்டை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூட.

மகள், அந்த விறகை நான் வாங்கியது பச்சையாக. பறித்த அன்றே, மழை வந்து நனைத்துவிடும் என்ற பயத்தில், நாலு பக்கமும் நிலம் முட்டத் தரப்பாள் போட்டுப் பதினொரு முடிச்சு போட்டுக் கட்டினேன். ஆவணியில் மழை பெய்வதில்லை. அது எனக்குத் தெரியும், இருந்தும் கட்டினேன். ஐப்பசியில் பழைய விறகு முடிந்தபின், ஒரு மூலையால் கையை விட்டு இழுத்து அம்மாவுக்குக் கொடுத்துவந்தேன். இருமல் தொடங்கியதும் அந்தக் கிழமைதான், கொப்பியைப் பார்த்து உறுதி செய்தேன். முடிச்சுகளை அவிழ்த்தபோது விறகில் காளான் பூத்திருந்தது, பதினேழு. மரியரட்ணம் வந்து பார்த்துவிட்டு "மாஸ்ரர், உது விறகில்லை, ஊறுகாய். ஆவணியிலை சோளகக் காத்து சும்மா வந்து காயவைச்சுத் தரும், அதுக்கு ஆர் போர்வை போர்த்தினது?" என்றார். நான்தான் என்று சொன்னேன்.

அம்மாவிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது. ஜெபம் முடிந்தபின், உமது இருமலுக்குக் காரணம் விறகின் சாதி அல்ல, நான் கட்டின தரப்பாள் என்று சொன்னேன். அவர் வேதப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு "எனக்கு ஐப்பசியிலேயே தெரியுமப்பா. விறகைத் தொட்டால் கை ஈரம். சொன்னால் நீங்கள் ஒரு கிழமை சாப்பிடமாட்டியள், பிறகு அந்த வருத்தத்தையும் நான்தான் பாக்கவேணும்" என்றார். பிறகு தரப்பாளை மடித்துத் தன் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டார். இனி அது எனக்குக் கிடைக்காது.

மரியரட்ணத்திடம் வாங்கிய காய்ந்த புளி எரிக்கத் தொடங்கிப் பன்னிரண்டு நாள். காலை தொடங்கி மதியச் சாப்பாடு வரை குசினியில் உட்கார்ந்து எண்ணினேன், முன்பு நாற்பத்தொரு இருமல், நேற்று ஒன்பது. டொக்டர் "முந்தியைவிட நல்லம், ஆனால் மருந்தை விடக்கூடாது" என்றார். முற்றாக மாறும் என்று நான் சொல்லமாட்டேன். இந்தப் பரிசோதனையில் நான் நடுநிலையானவனும் அல்ல. அன்று "நல்லது" என்று சொன்னேன் அல்லவா, அது பிழையான விடை. அம்மா போய்விட்டால் இந்த வீட்டைப் பார்ப்பதற்கு ஒருவர் இருப்பார், அவரைப் பார்ப்பதற்கு ஒருவரும் இருக்கமாட்டார். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. ஆகவே முடியுமானால் ரிக்கற்றைச் சித்திரைக்கு மாற்று, அதற்குள் எங்கள் குவியலும் காய்ந்துவிடும், அதுவரை புரட்டிவிட ஆள் வேண்டும். அப்போதும் அம்மா வரத்தான் வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொரு இருக்கை இருக்கிறதா என்று பார்த்துச் சொல். எனக்கு யன்னல் பக்கம் வேண்டாம்.

இன்னொன்று. நீ அனுப்பிய படத்தில் உங்கள் வீட்டுச் சுவரோரம் அடுக்கிய விறகு நாலு பக்கமும் மூடியிருந்தது. அது என்னிடமிருந்து வந்த பழக்கமோ என்று பயமாக இருக்கிறது. மேலே மட்டும் மூடு, பக்கங்களைத் திறந்துவிடு.

கர்த்தர் உங்கள் இருவரையும் போக்கிலும் வரத்திலும் காத்துக்கொள்வாராக. நெஞ்சை மூடிக் கம்பளி போடு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
நேசராஜா.

பி.கு.: தபாலில் போடுமுன் அம்மா இதை வாங்கி வாசித்தார். இருக்கையைப் பற்றிய வரியில் விரலை வைத்து, என் கடவுச்சீட்டு எங்கே என்று மட்டும் கேட்டார். ஆனால் ஒரு திருத்தம் செய்யச் சொன்னார்: "ஒன்பது எண்டு எழுதியிருக்கிறியள், ஆறுதான் என்ரை. மற்ற மூண்டும் பக்கத்திலை இருந்து நீங்கள் இருமினது." இன்று காலை மறுபடி எண்ணிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.